எல்லைக்கல் தின்ற தோட்டம்

திங்கள்

வெயில். டியூசன் கொட்டில் தகரத்தில் அப்பம் சுடலாம். பத்தாம் வகுப்பு, முப்பத்திரண்டு பேர். பாடம்: 'ஈட்' என்ற ஆங்கில வினை. சோறு தின்பது எல்லோருக்கும் தெரியும். மற்றத் தீனிகள்:

– துரு, இரும்பை.
– கடல், கரையை.
– கவலை, ஆளை.
– பேசியவர், தன் சொல்லையே. அதாவது, சொன்னது பிழையென்று ஒத்துக்கொள்வது.

"சொல்லைத் தின்னுறதோ? உப்புப்புளி காணுமோ மிஸ்?" வாய்க்காரி துசி.

ஆளுக்கொரு வசனம் கேட்டேன். முப்பத்தொரு பேர் துருவும் இரும்பும். வன்னியில் இனி இரும்பு மிச்சமில்லை. கௌரி மட்டும்: 'எல்லைக்கல் எங்கள் கச்சான் தோட்டத்தைத் தின்கிறது.' போன மாதம் ஓர் அரசாங்கக் கந்தோர் ஆட்கள் வந்து அவர்கள் தோட்டத்துக்குள் நட்ட கல். இலக்கணம் சரி. சுவரில் ஒட்டினேன்.

செவ்வாய்

மழைக்குணம். பெய்யவில்லை. சவர்க்காரம் முடிந்தது.

கொட்டில் நடத்துகிற சேர் வந்தார்.

"வெள்ளிக்கிழமை பரிசளிப்புக்கு ஆர் வாறார் தெரியுமோ? அந்தக் கல்லு நட்ட கந்தோரின்ர பெரியவர்."

"நல்லம். வாசிக்கட்டும்."

"விளையாடாதேங்கோ மிஸ். சுவரில ஒட்டினதைக் கிழியுங்கோ. வசனம் பிழையெண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டி வகுப்பை வேற ஆளிட்டக் குடுப்பன்."

எனக்கு இருப்பது இந்த ஒரு வகுப்பு.

கதை கௌரிக்கும் போய்விட்டது. "துரு எண்டே எழுதித் தாறன் மிஸ்." குனிந்த தலை. துருவில் எனக்கிருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று.

புதன்

மூன்று அகராதி பார்த்தேன். எல்லைக்கல் தின்னக்கூடாதென்று ஒன்றிலும் இல்லை. முருங்கைக்காய்க் குழம்பு. உறைப்புக் கூட.

வியாழன்

காற்று. சுவரில் வசனம் இல்லை, சேரே கிழித்திருக்கிறார். வாசலில் கை கட்டி நின்றார், நான் பிழையென்று சொல்வதைக் கேட்க. கௌரி கடைசி வாங்கில்.

அதே வசனத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். கீழே என் பெயர். "முழுக்கச் சரி" என்றேன்.

சேர் டஸ்டரோடு பாய்ந்து அழித்தார். "போதும். நாளையிலிருந்து வராதேங்கோ."

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம். பலகையில் எது விழுந்தாலும் யோசிக்காமல் கொப்பியில் இறக்குவார்கள். ஒருமுறை என் சந்தைச் சாமான் பட்டியலையும். மூன்று வருடம் ஏசிப் பார்த்தேன். திருந்தவில்லை.

துசி எழும்பினாள். "நாங்கள் எழுதி முடிச்சிட்டம் சேர். கொப்பியையும் அழிக்கப்போறியளோ?"

முப்பத்திரண்டு கொப்பி. கடைசி வாங்கில் கௌரி, என் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.