பெரிய திரையில் எங்கள் இருவர் பெயர்

ஜூலை 12, சனி. பிளேஸ்டோ.

இன்று எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாள். அவர் இறந்து பதினான்கு மாதம். வெள்ளி விழாவைத் தென் லண்டனிலுள்ள அந்தப் பழைய கிரிக்கெட் மைதானத்தில்தான் கொண்டாட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தவர். அதனால் என் கலியாணக் கூறைச்சேலையை உடுத்து, பொட்டும் வைத்து, மகள் தர்ஷினியோடு போனேன்.

மதிய இடைவேளையில் பெரிய திரையில் வாழ்த்துகள் ஓடின. நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தபடி "கமலா, நந்தன், 25 ஆண்டுகள்" என்று வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் கைதட்டிக்கொண்டே, கணவர் எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. எழுந்து நின்று தட்டினார்.

திரைக்கு முன்னால் நான் நிற்கும் படத்தைத் தர்ஷினி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் கணவருடைய அக்கா போன் அடித்தா.

"மனுசன் இல்லாமல் என்ன கலியாண நாள்? கூறை உடுத்துக்கொண்டோ போனனீர்? சனம் என்ன சொல்லும்?"

"வடிவாய் இருக்கெண்டு சொல்லிச்சுது, மச்சாள்."

"பகிடி விடாதேயும். அந்தப் படத்தை அழிக்கச் சொல்லும்."

"ஏலாது. உங்கட தம்பி செத்தவர்தான். நாங்கள் வாழ்ந்தது செத்துப் போகேல்லை."

போனை வைத்துவிட்டா. நான் அதே படத்தை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன். இதுவரை பதினேழு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை.

பார்க்கட்டும்.