எதிலும் சொருகாத கன்ட்ரோலர்

மார்ச் 4, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதினாறு வருஷமாக டிவி விற்கிறேன். இந்தக் கடையில் நடப்பதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

வீடியோ கேம் ஆடுபவர்களுக்கென்று இன்று தனி மூலை திறந்தார்கள். அறுபத்தைந்து அங்குல டிவி, அதில் கார் பந்தயம், எதிரே மேசைமேல், ஆடுபவர் கையில் பிடித்து அழுத்தும் ஒரு கன்ட்ரோலர். திரையில் ஓடுவது விளையாட்டே இல்லை. எவனோ ஆடியதைப் பதிவு செய்த வீடியோ. கன்ட்ரோலரின் வயர் மேசைத் துணிக்குள் போய் அங்கேயே முடிந்துவிடுகிறது. எதிலும் சொருகவில்லை.

மேனேஜரிடம் கேட்டேன். என்னிடம் தொழில் கற்றவன். எச்.டி. என்றால் என்ன என்று இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"சொருகினா ஆட ஆரம்பிச்சிடுவாங்க, புரொபசர். ஆடிப் பாத்தா வாங்குவாங்களா?"

புரொபசர். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவனுக்கு இந்தக் கடை வைத்த பட்டப்பெயர்.

மார்ச் 5, புதன்

அளந்துவிட்டேன். கடை திறக்குமுன் பழைய கேம் பெட்டி ஒன்றை மாட்டி, பொத்தானை அழுத்தும் விரலையும் திரையையும் சேர்த்து செல்போனில் ஸ்லோ மோஷனில் பிடித்தேன். அழுத்திக் கிட்டத்தட்ட கால் நொடி கழித்துத்தான் கார் திரும்புகிறது. ஒவ்வொரு படத்தையும் பூசி மினுக்கிவிட்டுத்தான் காட்டுகிறது அந்த டிவி. சினிமா பார்க்க அழகு. கேம் ஆட லாயக்கில்லை.

கீழ்த்தட்டில் ஒரு ஐம்பது அங்குலம் இருக்கிறது. யாரும் கேட்டுவிடக் கூடாது என்று வெளிச்சத்தைக் குறைத்து மங்கலாக்கி வைத்திருக்கிறோம். அதில் இந்தப் பூச்சு வேலையை நிறுத்தும் 'கேம் மோடு' போட்டால் தாமதம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மேனேஜரிடம் காட்டினேன். "கால் நொடிதானே? கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள போயிடும். போய் கஸ்டமரைப் பாருங்க."

கால் நொடியில் கார் சுவரில் மோதும்டா, மடையா. — சொல்லவில்லை. வழக்கம்போல.

மார்ச் 8, சனி

அண்ணன் கடைக்கு வந்தார்.

பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் நாற்பது பேர் முன்னால், "நம்ம தம்பி எம்.எஸ்சி. படிச்சான், இப்ப டிவிக்குத் தூசி தட்டுறான்" என்று சொல்லிவிட்டு, தானே முதலில் சிரித்தாரே, அன்றோடு நின்றது. மற்றவர்கள் சிரித்ததைக்கூட மறந்துவிட்டேன். அந்த முதல் சிரிப்பை மறக்கவில்லை.

மேனேஜர் அவரை நேரே பெரிய டிவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். "கேம் ஆடறதுக்குத்தான் வேணும்" என்றார் அண்ணன். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? தூசி தட்டுறவன்தானே.

மார்ச் 9, ஞாயிறு

நல்லா வேணும்.

மார்ச் 18, செவ்வாய்

என் மனைவியும் அண்ணியும் போனில் பேசிக்கொள்வார்கள். நான் காதில் விழாததுபோல் இருப்பேன். இன்று போனை வைத்துவிட்டு அவளே சொன்னாள். டிவி அண்ணனுக்கு இல்லையாம். அவர் மகளுக்கு. கார் பந்தய கேமில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாளாம், இருபத்தொன்பதாம் தேதி போட்டி. ஜெயித்தால் ஒரு அணி அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். புது டிவியில் தினமும் ஆறு மணி நேரம் பயிற்சி.

"உங்க கடையிலதான் வாங்கினாங்களாம். நல்ல டிவிதானே?"

"சாப்பாட்டைப் போடு."

தாமதமாகத் திரும்பும் காருக்குப் பழகினால் கை முன்கூட்டியே அழுத்தப் பழகிவிடும். போட்டி நடக்கும் இடத்தில் திரைகள் வேகமானவையாக இருக்கும். அங்கே அந்தப் பழக்கமே அவளைக் கவிழ்க்கும். இது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் — சே.

மார்ச் 20, வியாழன்

அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒரு ரிங். வெட்டிவிட்டேன். பார்த்திருப்பார். பார்த்துவிட்டும் திருப்பிக் கூப்பிடவில்லை. பெரிய மனுஷன்! இருக்கட்டும்.

மார்ச் 29, சனி

தோற்றுவிட்டாள். எட்டாவது இடம். எட்டுப் பேரில்.

ஏப்ரல் 2, புதன்

அண்ணன் மகள் கடைக்கு வந்தாள். கடைசியாகப் பார்த்தபோது என் இடுப்பு உயரம். இன்று என் தோளுக்கு மேல் இருக்கிறாள்.

"எல்லா வளைவுலயும் முன்னாடியே பிரேக் போட்டேன், சித்தப்பா. கை தானா போகுது."

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேம் மூலைக்குப் போய்க் கன்ட்ரோலரை எடுத்தாள். அழுத்தினாள். திரும்ப அழுத்தினாள். பிறகு வயரைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். துணிக்கடியிலிருந்து நழுவி வந்து, முனை அவள் கையிலேயே நின்றது.

மேனேஜர் ஓடி வந்தான். "அது டிஸ்ப்ளே பீஸ்மா, கீழ வச்சிடுங்க."

"நீங்களும் டிஸ்ப்ளே பீஸ்தானா, சார்?" என்றாள். அண்ணன் நாக்கு, அப்படியே.

வாசல்வரை போனேன். அங்கே சொன்னாள்: "வேற கடையில விலை கம்மி. அப்பாதான் பிடிவாதமா இங்க வந்தார். 'அவனுக்கு என்னைப் பிடிக்காது, ஆனா டிவி விஷயத்துல பொய் சொல்லமாட்டான்'னார். வீட்டுக்கு வந்ததும் டிவியைப் பிரிக்கக்கூட இல்லை. 'என்னைச் சார்னு கூப்பிட்டான்'னு அதையேதான் சொல்லிட்டிருந்தார்."

மார்ச் எட்டாம் தேதி இங்கே எழுதியது பொய். நான் சும்மா நிற்கவில்லை. அண்ணன் என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி, "இது சரியா இருக்குமா?" என்று கேட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் கேள்வி.

"நல்லா இருக்கும், சார்" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான்கு நாளாகக் கோபம் தணியவில்லை. மேனேஜர்மேல், அண்ணன்மேல். அவர் அன்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? — சொல்லியிருப்பேன். இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை.

வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் இணையப் பக்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அளந்த கணக்கு, செல்போனில் பிடித்த படம், கீழ்த்தட்டில் மங்கலாகக் கிடக்கும் டிவியின் மாடல் எண். கேம் ஆட டிவி வாங்குபவர்கள் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கன்ட்ரோலரைச் சொருகச் சொல்லி, தாங்களே அழுத்திப் பார்க்கட்டும். சொருக மறுக்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடட்டும். கடைசியில் ஒரு வரி: "மார்ச் 8 அன்று இந்த டிவியை 'நல்லா இருக்கும், சார்' என்று சொன்ன விற்பனையாளன், அது பொய் என்று தெரிந்தே சொன்னான்."

மனைவி படித்தாள். "பேரு போடலையா? வேலை போயிடும்னு பயமா?"

வேலை எப்படியும் போகும். அளந்து பார்க்கத் தெரிந்தவன் அந்தக் கடையில் நான் ஒருவன்தான். பெயர் போட்டால் நான் மன்னிப்புக் கேட்டதாக அண்ணன் எடுத்துக்கொள்வார். நாலு பேரிடம் சொல்வார். அந்தத் திருப்தியை அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

"அப்ப அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க. அது யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிடுமே?"

அழிக்கும் பொத்தான்வரை கையைக் கொண்டுபோனேன். அழுத்தவில்லை.

பெயர் வேண்டாம். வரி இருக்கட்டும். இப்படியே போடுகிறேன்.