உன் நாற்காலியில் அப்பா

எங்கள் வீட்டு வக்கீலம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம், மனசளவில் அப்படிச் சொல்ல முடியவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன், இல்லையென்றால் மறைக்காமல் சொல். இதைப் போனிலேயே பேசலாமே என்பாய். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய், காகிதத்திடம் அது நடக்காது. எழுதி முடித்ததும் அண்ணன் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

கட்டுரைக்கு வந்த மார்க்கை நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன், எதற்குப் போனேன் என்று எனக்கே தெரிவதில்லை. கடையில் என் மேஜைக்கு ஒருவர் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்து அரைமணி நேரம் விளக்கியிருக்கிறார், நான் தலையை ஆட்டிவிட்டு "சரி, என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டேன். நல்ல மனிதர், சண்டை போடவில்லை. மார்க் குறைந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது இப்படியே நின்றால் அடுத்த வருஷ ஆய்வுக் குழுவில் உனக்கு இடம் கிடைக்காது, வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து பேசலாம் என்று பேராசிரியையே சொல்லியிருக்கிறார், அப்படியிருந்தும் நீ "போகலை, விடும்மா" என்றாயே, அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. உன் அத்தையிடம் சொன்னேன், அவள் என்றைக்கும் போல வரிந்து கட்டிக்கொண்டு, "பேச்சென்ன பேச்சு, மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதிப் போடச் சொல்லு" என்றாள். அவளுக்குப் பால் திரிந்தாலும் மேலிடம்தான்.

நம் வீட்டு ஒத்திகை உனக்கு மறந்திருக்காது. யாருக்குச் சங்கடமான பேச்சு இருந்தாலும் முதலில் அது சமையலறையில்தான் நடக்கும், எதிராளியாக எப்போதும் நீதான். அப்பா இடமாற்றம் கேட்கப் போவதற்கு முதல் நாள் நீ மேலாளராக உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டதில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நிஜ மேலாளர் எவ்வளவோ தேவலை என்று மறுநாள் வந்து சொன்னார். எங்களுக்கெல்லாம் வாய் திறக்கக் கற்றுக் கொடுத்தவள் தனக்கென்று வரும்போது வாயை மூடிக்கொள்வது என்ன நியாயம். கோபம் கோபமாக வருகிறது, உடனே நீ அங்கே தனியாக உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்து அழுகையும் வருகிறது.

அதனால் நேற்று சாயங்காலம் நீ இல்லாமலே உன் ஒத்திகையை நடத்திவிட்டோம். கேட்டால் சிரிப்பாய். நான் பேராசிரியை, நாளெல்லாம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து குறை கேட்பவள் நான்தானே. அண்ணனை நீயாக உட்காரச் சொன்னால் ஆரம்பிப்பதற்கு முன்பே சிரித்துத் தொலைத்தான், அதனால் அந்த வேஷம் அப்பாவுக்குப் போனது. பேராசிரியை என்றால் கட்டுரையைப் படித்திருக்க வேண்டுமே, நீ அண்ணனுக்கு அனுப்பியிருந்த, அவர் திருத்திக் கொடுத்த பிரதியை அவன் அச்செடுத்து வந்து வரிவரியாகச் சொல்லச் சொல்லக் கேட்டேன். அந்த அம்மாளை ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் கேட்க உட்கார்ந்தேன். நகரத்து நடைபாதைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அதை மறுக்கிறார், மூன்றாமவர் இருவரையும் மறுக்கிறார், எல்லாம் சரி, என் மகள் எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். மழை நாளில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் குடை விரித்தால் இந்த நடைபாதையில் ஒருவர் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்குவது பெரும்பாலும் கையில் பை வைத்திருப்பவர்தான் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாய் பார், அங்கே உன்னைக் கண்டுபிடித்தேன். யாரும் சொன்னதில்லை, நீ நின்று பார்த்தது. அண்ணன் பிரதியைத் திருப்பிக் காட்டினான், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன டிக் இருந்தது. கட்டுரை முழுக்க வேறெங்கும் இல்லை. நீ மார்க்கைப் பார்த்ததோடு மூடி வைத்துவிட்டாய் போலிருக்கிறது.

கட்டுரையின் கடைசியில் பேராசிரியை "இதில் உங்கள் கருத்து எது?" என்று எழுதியதை, காப்பியடித்தாய் என்கிறார் என்று நீ எடுத்துக்கொண்டாய், நானும் அப்படித்தான் கொதித்தேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை, நான் தேடியது போல அவரும் உன்னைத் தேடியிருக்கிறார். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், அதை அந்த அறைக்குள் போனால்தான் தெரிந்துகொள்ள முடியும். போனதும் ஏன் குறைத்தீர்கள் என்று ஆரம்பிக்காதே. கடையில் பொருளை மேஜை மேல் வீசுகிறவர்களிடம் எனக்கு விதிமுறைதான் வாயில் வரும், "இந்த இடத்துல சூடே வரலை, பாருங்க" என்று தொட்டுக் காட்டுகிறவர்களிடம் நானே எழுந்து போய்ப் பார்ப்பேன். அந்த டிக்கைக் காட்டி, மற்ற பக்கங்களும் இப்படி இருக்க வேண்டுமா என்று கேள். மார்க்கைக் கூட்டுவாரோ மாட்டாரோ, கேட்டுவிட்டு வா.

ஒத்திகையைச் சொல்ல வந்து எங்கோ போய்விட்டேன். அப்பா வந்து ஃப்ரிட்ஜைக் கதவென்று தட்டினார், உன் ஆடுகிற நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றேன் பேராசிரியைக் குரலில். அவர் நாற்காலி ஆடாமல் காலை ஊன்றிக்கொண்டார். அண்ணன் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துப் பார்த்தான். அப்புறம் அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார், "மார்க்கைப் பத்தி இல்லீங்க மேடம். நான் வந்து கேட்டு, உன்னால இவ்வளவுதான் முடியும்னு நீங்களும் சொல்லிட்டா, வீட்டுல எங்கப்பாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" நாங்கள் பேசி வைத்ததில் அது இல்லவே இல்லை. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அப்பா எழுந்து என்னைப் பார்த்து, "அவ அப்படித்தான் நெனைக்கிறாளா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அப்போதிருந்து அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை, இதை எழுதும்போது அந்த நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் காலை முடுக்கிக்கொண்டிருக்கிறார்.

வெறும் வயிற்றோடு போகாதே. பிரதியைச் சுருட்டிப் பிடிக்காமல் ஒரு உறையில் வைத்து எடுத்துப் போ. வெள்ளிக்கிழமை, மறந்துவிடாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் நீ தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். அப்பா ஏதோ சொல்ல வந்தார், எழுதிக்கொள்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று பேனாவைக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

ஆசிகளுடன்,
அம்மா

என்னிடம் சொல்வதற்கு உனக்கு ஒத்திகை வேண்டாம்.
அப்பா