வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்

ஜனவரி 6, திங்கள்

டி.எஸ்.எச். 11.4. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் எண்; நாலரைக்குள் இருக்க வேண்டியது. ஆதாரம்: இன்று காலை வந்த ரத்தப் பரிசோதனை அறிக்கை. தைராய்டு மாத்திரையின் அளவை ஒரு வருடத்தில் இரண்டு முறை கூட்டியாயிற்று. எண் இறங்கவில்லை.

டாக்டர் நிருபமா போனில் கேட்டார். "வெறும் வயித்துலதானே சாப்பிடுறீங்க மேடம்?"

"பல் தேய்ச்ச உடனே."

"அப்போ சனிக்கிழமை வாங்க. இன்னும் கொஞ்சம் ஏத்திடலாம்."

ஜனவரி 7, செவ்வாய்

மெட்ரோவில் மறுபடியும் தூங்கிவிட்டேன். சம்பிகே ரோட்டில் இறங்க வேண்டியவள் எட்டு ஸ்டேஷன் தள்ளி பீன்யாவில் கண் விழித்தேன். பத்திரிகை நிருபர் பேட்டியின் நடுவே இப்படித் தூங்கினால்? மேசை வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

ஜனவரி 9, வியாழன்

எங்கள் ஞாயிறு இணைப்புக்குத் தைராய்டு வைத்தியத்தின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை. நானே கேட்டு வாங்கியது. 1891-இல் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள்; அவள் தேறி, இன்னும் இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தாள். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் அந்தச் சுரப்பைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். எனக்கு ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். துளியூண்டு மாத்திரை போதும். அது ஏன் என்னிடம் மட்டும் வேலை செய்யவில்லை?

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. காலையில் என் கணவர் கோவிந்தராஜன் வழக்கம்போல் எனக்கொரு டம்ளர் நீட்டிவிட்டு, தானும் ஒன்றை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"விரதம்னீங்க?"

"காபி என்ன ஆகாரமா? அதெல்லாம் கணக்குல வராது."

மாத்திரை அப்போதுதான் தொண்டையில் இறங்கியிருந்தது — அவர் கொடுத்த காபியோடு. தினமும் அப்படித்தான். நானும் அதைக் கணக்கில் சேர்த்ததே இல்லையே!

சந்தேகம் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். தேடினேன். 2008, இத்தாலிய மருத்துவர்களின் ஆய்வு: காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. அவர்களும் காபிக்காரர்கள், வேறு யாருக்குத் தோன்றும்? கட்டுரைக்குக் கடைசிப் பத்தி கிடைத்தது.

ஜனவரி 11, சனி

நிருபமா சிரித்துவிட்டார். "ஃபில்டர் காபியா! அதை நான் கேக்கவே இல்லையே மேடம்." அளவைக் கூட்டவில்லை. மாத்திரைக்குத் தண்ணீர், காபி ஒரு மணி நேரம் கழித்து.

"ஒரு மணி நேரமா?" என்றார் வீட்டுக்காரர். "அதுக்கு ஆட்டு ஊசியே தேவலை."

ஜனவரி 12, ஞாயிறு

அவரும் குடிக்காமல் காத்திருந்தார். ஏழு மணி வரை இருவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 4, செவ்வாய்

டி.எஸ்.எச். 3.1. ஆதாரம்: நேற்று மாலை வந்த அறிக்கை, அதே பரிசோதனைக்கூடம். நேற்று மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் தூங்கவில்லை. சம்பிகே ரோட்டில் சரியாக இறங்கினேன். இந்த எண்ணுக்காகவே நிறுத்திவைத்திருந்த கட்டுரை வரும் ஞாயிறு வெளியாகிறது.

மாத்திரை உள்ளே போயிற்று. நிலுவையில் இருப்பது காபி. ஏழு மணிக்கு எதிர்பார்க்கலாம் எனச் சமையலறை வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.