நீல மேல்சட்டையில் வெளுத்த புள்ளிகள்

ஜூலை 4

இன்று வகுப்பில் "என் அம்மா அல்லது அப்பாவின் வேலை" பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் டீச்சர். அப்பாவைப் பற்றிப் பேசியிருந்தால் சுலபம். பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியன் என்றால் எல்லாருக்கும் புரியும். நான் அம்மாவைப் பற்றிப் பேசினேன். பல நாடுகளில் கிளைகள் உள்ள ஒரு தொண்டு நிறுவனம், குடிநீரும் கழிப்பறையும் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று சோதிப்பது அம்மாவின் பொறுப்பு என்று விளக்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "நுண்ணுயிரியல்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அங்கேதான் கெட்டது.

"டீச்சர், அகராதி திரும்பவும் ஆரம்பிச்சிட்டா," என்றாள் வாயாடி. வகுப்பே சிரித்தது. எனக்கு அகராதி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவளுக்கு வாயாடி என்று வைத்தது நான். ஆகவே கணக்கு நேர்.

ஆனாலும் அம்மாவைப் பற்றிச் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. வேறு எதைப் பற்றிப் பேசினாலும் நடுங்கும்.

ஜூலை 9

வாயாடி இன்றும் தாமதம். இன்றும் வகுப்புக்கு வெளியே நின்றாள். அவள் வீடு மேட்டுக் குடியிருப்பில் இருக்கிறது. அங்கே தண்ணீர் லாரி அடிவாரம் வரைதான் வரும். குடத்தோடு மேலே ஏறி இறங்கித்தான் அவளுக்குப் பொழுதே விடியும்.

இதெல்லாம் இந்த மாதத்தோடு சரி. அம்மாவின் நிறுவனம் அடிவாரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு, உச்சியில் தொட்டி கட்டி, தெருத் தெருவாகக் குழாய் பதித்துவிட்டது. இருபதாம் தேதி திறப்பு விழா. தலைமை அலுவலகத்திலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அம்மா கேட்டிருக்கும் பயிற்சிப் பொறுப்பாளர் பதவியைத் தீர்மானிக்கப்போவதும் அவர்கள்தான். அது கிடைத்தால் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அம்மாதான் பாடம் நடத்துவாள். கரும்பலகை முன்னால் அம்மா நிற்பதைக் கற்பனை செய்துகொண்டே கணக்குப் பாடத்தைத் தவறவிட்டேன்.

ஜூலை 13

சனிக்கிழமை என்பதால் அம்மா என்னையும் மேட்டுக் குடியிருப்புக்குக் கூட்டிப்போனாள். எவ்வளவு நாள் கெஞ்சியிருப்பேன்!

புதுத் தொட்டியையும் குழாய்களையும் முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் நிரப்பி ஊற விடுவார்கள். பிறகு அதை முழுக்க வெளியேற்றிவிட்டு, நல்ல தண்ணீர் வந்ததும் சோதனைக்குப் பிடிப்பார்கள். நாங்கள் போனபோது, குழாய் பதித்த இன்ஜினியர் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆய்வகத்தை மதியத்தோடு மூடிவிடுவார்களாம். "லைனை அலசி விட்டாச்சுக்கா, நீங்க பிடிங்க," என்றார்.

அம்மா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட்டாள். திருகியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவள் மேலெல்லாம் தெறித்தது. சிரித்துக்கொண்டே பாட்டிலை நிரப்பி மூடினாள். அதை ஐஸ் பெட்டியில் வைத்து, வேன் குலுங்கும்போதெல்லாம் கைப்பிள்ளையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டாள். "அம்மா, எனக்குப் பொறாமையா இருக்கு," என்றேன். "நீயும் குலுங்கினா உன்னையும் பிடிச்சுக்கறேன்," என்றாள்.

ஜூலை 15

கிருமி இல்லை! அம்மா பாடிக்கொண்டே சமைத்தாள். சுருதி சேரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 17

என்ன எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது.

விழாவுக்காக அம்மாவின் சீருடையை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் அடையாளம் தைத்த, கையில்லாத நீல மேல்சட்டை. துவைத்து எடுத்தது. வலது பக்கம் முழுக்கச் சின்னச் சின்னதாக வெளுத்த புள்ளிகள். அப்பாவிடம் காட்டினேன். புதுத் துணி, அதற்குள் பாழாக்கிவிட்டாளே என்று அலுத்துக்கொண்டார். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அம்மா ஒரு புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்குத் தெறிச்ச தண்ணிதான் இது."

"அதனால என்னம்மா? வேற சட்டை இல்லையா?"

"துணியவே வெளுக்கிற அளவுக்கு அதுல பிளீச்சிங் மருந்து இருந்திருக்குடி. அப்படின்னா லைனை ஒழுங்கா அலசல. பாட்டில்ல இருந்த கிருமியெல்லாம் லேப் போறதுக்குள்ளயே செத்திருக்கும்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிருமி இல்லை என்று வந்த முடிவு தண்ணீரைப் பற்றியது அல்ல. மருந்தைப் பற்றியது. மருந்து போன பிறகு வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிடிப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டு, இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மாறினால் மருந்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மாத்திரை அம்மாவின் பையிலேயே இருந்தது. இன்ஜினியர் மாமா சொன்னதை நம்பி அவள் அதைப் பார்க்கவில்லை.

அப்பா மெதுவாகக் கேட்டார், இதை வேறு யாராவது கவனித்தார்களா என்று. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் உடனே எழுந்துபோய் அவளுடைய செல்போனை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

ஜூலை 18

மருந்து வாசம் போகும்வரை லைனை அலசி, மாத்திரையும் போட்டுப் பார்த்து, புதிதாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டாள் அம்மா. நாளைக்கு முடிவு.

அம்மாவின் மேலாளர் கத்தவில்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்றாள். வெளிநாட்டுக்காரர்கள் ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டார்கள், ரிப்பனை வெட்டட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும், அவர்கள் போனதும் வால்வை மூடிவிட்டு நிதானமாகப் பார்ப்போம் என்றாராம். அம்மா, வால்வை மூடுவதற்குள் ஜனங்கள் குடித்துவிடுவார்கள், திறந்த குழாயைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா நிற்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

கிருமி இல்லாமலேயே இருக்கலாம். அப்போது அம்மா வீணாகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டவள் ஆவாள். மேலாளர் சொன்னது அவ்வளவு தப்பா? ஒரு நிமிடம் எனக்கே சரியென்று பட்டது. எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப்போவதில்லை.

ஜூலை 19

கிருமி இருக்கிறது.

ஜூலை 20

பள்ளி விடுமுறை. வர வேண்டாம் என்றாள் அம்மா. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

மேட்டில் பந்தல், நாற்காலி, ரிப்பன் எல்லாம் அப்படியே இருந்தன. பெண்கள் குடங்களைத் தேய்த்துப் பளபளவென்று வரிசையில் வைத்திருந்தார்கள். மேலாளர் மைக்கைப் பிடித்து, தொழில்நுட்பக் காரணங்களால் விழா தள்ளிவைக்கப்படுகிறது என்று சொல்லி முடித்துவிட்டார். முணுமுணுப்பு எழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். அம்மா போய் மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"தொழில்நுட்பக் காரணம் எல்லாம் இல்லைங்க. டெஸ்ட்டுக்குத் தண்ணி பிடிச்சது நான். சரியாப் பிடிக்கல. அதனால தண்ணி நல்லா இருக்குன்னு தப்பா வந்துருச்சு. திரும்பப் பிடிச்சுப் பார்த்தோம். கிருமி இருக்கு. எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் இதைக் குடிக்காதீங்க."

பிறகு வாயாடியின் அம்மா எழுந்தார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறவர். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார், கண் சிவந்திருந்தது.

"ஏன் மேடம், நீங்க படிச்சவங்கதானே? ஒரு பாட்டில்ல தண்ணி பிடிக்கத் தெரியாதா உங்களுக்கு? குழா இருந்தும் நாங்க லாரிக்கு ஓடணும். நீங்க வீட்டுக்குப் போய் ஃபேனைப் போட்டுட்டு உக்காருவீங்க."

"நீங்க கேக்கறது நியாயம்தான்கா," என்றாள் அம்மா.

இன்னும் பலர் பேசினார்கள். எல்லாவற்றையும் எழுத மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த உயரமான அம்மையார் மேலாளரிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். மேலாளர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவே ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த நீளமான வாக்கியத்தில் "நான்" எத்தனையோ முறை வந்தது. "நாங்கள்" வரவே இல்லை. இன்ஜினியர் மாமா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டிலிருந்து இறங்கும்போது அம்மாவின் கை சில்லென்று இருந்தது. நான் விடவில்லை. அத்தனை பேர் திட்டிய ஒருத்தியின் மகளாக நடந்தேன். எனக்குக் கழுத்து நிமிர்ந்தே இருந்தது. இதற்கு அகராதியில் என்ன சொல் என்று தெரியவில்லை. பெருமை என்றால் போதுமா?

ஜூலை 22

வாயாடி என் பக்கத்திலிருந்து இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். மதியம் போய்க் கேட்டேன். "உங்கம்மா வாய மூடிட்டு இருந்திருந்தா இன்னைக்கு நான் நேரத்துக்கு வந்திருப்பேன்," என்றாள். குடிச்சிட்டு ஆஸ்பத்திரில படுத்திருப்பேன்னும் சேத்துச் சொல்லுடி! — சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. அவள் கையில் குடம் சுமந்த தழும்பு தெரிந்தது, நான் திரும்பி வந்துவிட்டேன். அழுகையா வருது. யார் மேல கோபப்படறதுன்னே தெரியல.

ஜூலை 26

கண்டுபிடித்தாயிற்று! மேட்டுக்கு ஏறும் பாதையில் சின்னப் பாலத்துக்கு அடியில் சாக்கடையைக் குறுக்கே கடந்து போகிறது குழாய். அங்கே ஓர் இணைப்பு வாய் பிளந்திருக்கிறது. பம்பு ஓடும்போது அந்த வழியாகத் தண்ணீர் ஒழுகும், பம்பு நின்றால் சாக்கடையை உள்ளே இழுக்கும். இன்ஜினியர் மாமா ஆட்களை ஏவாமல் தானே இறங்கித் தோண்டினாராம். விழா நாளிலிருந்து அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாதவர், சேறு வடியும் கையோடு போனில் கூப்பிட்டு, "அக்கா, ஒரு எட்டு வந்து பாருங்க, இங்கதான்," என்றார். குரலில் ஒரே குதூகலம். இனி குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிக் கொண்டுபோகப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 2

இரண்டு தடவை சோதித்துப் பார்த்து, இரண்டிலும் தண்ணீர் சுத்தமாக வந்த பிறகு இன்று குழாயைத் திறந்தார்கள். பந்தல் இல்லை, ரிப்பன் இல்லை. பள்ளி விட்டதும் நானும் ஓடினேன்.

வாயாடியின் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார். ஆனால் தண்ணீர் பிடிக்கவில்லை. லைனை அலசிய நாளில் பார்த்திருந்த அந்த மாத்திரையைப் போட்டுக் காட்டச் சொன்னார். அம்மா போட்டுக் காட்டினாள். மிக மெல்லிய இளஞ்சிவப்பு வந்தது. எனக்குத் திக்கென்றது. குடிநீரில் எப்போதும் கொஞ்சம் மருந்து இருக்க வேண்டும், இது அந்த அளவு, இந்தத் தடவை சோதனைப் பாட்டிலில் மருந்தை முறிக்கும் உப்பும் சேர்த்தே பிடித்தோம் என்று அம்மா பொறுமையாக விளக்கினாள். வாயாடியின் அம்மா அந்தக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். அது வரிசை முழுக்கக் கை மாறிக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் குடத்தை வைத்தார்கள்.

ஆகஸ்ட் 6

பயிற்சிப் பொறுப்பாளர் பதவி வேறு ஒருவருக்கு.

நான் அழுதேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "பாடம் நடத்தறவளே தப்பு பண்ணினா எப்படின்னு யோசிச்சிருப்பாங்க. நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன்," என்றாள். அப்புறம் வெகுநேரம் ஒரே தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அதை வாங்கித் துடைத்து வைத்தார்.

அநியாயம் என்று எழுதத் தோன்றுகிறது. அம்மாவே அப்படிச் சொல்லாதபோது நான் எழுதலாமா?

ஆகஸ்ட் 9

வாயாடி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தாள். என் பென்சிலை எடுத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

ஆகஸ்ட் 18

ஞாயிற்றுக்கிழமை. அப்பா கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். மேலாளரிடமிருந்து போன்.

தண்டவாளத்து ஓரக் குடியிருப்பில் நிறுவனம் இன்னொரு குழாய் போட்டிருக்கிறது. அது அம்மாவின் பகுதி அல்ல. அங்கே சோதித்துச் சுத்தமாக இருக்கிறது என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அங்குள்ளவர்கள் அந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்கிறார்களாம். மேட்டுக் குடியிருப்பிலிருந்து யாரோ போய் விழாவில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

மேலாளர் கத்திப் பேசியதால் எங்கள் எல்லாருக்குமே கேட்டது.

"தப்புன்னு மைக்ல சொன்ன அம்மா வந்து பார்க்கட்டும், அவங்க நல்லா இருக்குன்னு சொன்னா குடிக்கறோம்னு உக்காந்திருக்காங்க. நான் என்ன செய்யட்டும்? லீவு நாள்தான். வர முடியுமா?"

அம்மா ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டே, வண்டியை அனுப்புங்கள் என்றாள். அப்பா கையில் எண்ணெயோடு நின்றுகொண்டு, போகிற வழியில் சாப்பிட ஏதாவது கட்டித் தரட்டுமா என்று கேட்டார். அவருக்குச் சமையல் தெரியாது.

வேன் தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். கூடப் போகவில்லை. அம்மா யார் என்று அங்கே போய்ப் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.