ரெண்டரை அளவு வளையல்

ஆவடி,
28-4-1968

அன்புள்ள புஷ்பாவுக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அடுப்புக்கூடப் பற்றவைக்காமல், உன் வளையல்களைப் பஞ்சில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் அடுக்கினேன். நேற்றுத்தான் அம்மாவோடு திருநின்றவூர் ஏரிக்கரைத் திருநாளுக்குப் போய் வாங்கி வந்தோம். "திருநாளில் கண்ணாடி வளையல் வாங்கி அனுப்பு, யாராவது கையில் கொண்டுவந்தால் உடையாது" என்று நீ எழுதியதை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நீ எதுவும் கேட்டதில்லையே, இப்போது என்ன என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"இன்னாவா? வளைகாப்புக்குத்தான் கேக்குறா. பொண்ணு வேற எப்பிடிடி சொல்லுவா? காலேஜுல போய் நீ இன்னாதான் படிச்சே?" என்றாள்.

வளையல்காரர் துலுக்கானத்திடமும் சொல்லிவிட்டாள். அவர், "சின்னதுக்கு மசக்கையா? அப்ப கை ஊதும்மா. ரெண்டேகால் வோணாம், ரெண்டரை எடுத்துக்கினு போ. ஏறலேன்னா வந்து என்னைத் திட்டு" என்று பெரிய அளவாக எடுத்துக் கட்டினார்.

ராட்டினத்துக்கு இப்போது மோட்டார் வைத்துவிட்டார்கள். ஜவ்வுமிட்டாய்க்காரனிடம் என் மகள் மிட்டாயிலேயே கைக்கடிகாரம் கட்டிக்கொண்டாள். அம்மாவும் கையை நீட்டினாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாயிற்று. விசேஷம் என்றால் மறைக்காமல் ஒரு வரி எழுது.

கையில் கொண்டுவர இவருக்கு, உன் மாமாவுக்கு, பாக்டரியில் லீவு இல்லை. பார்சலில் வருகிறது, மெதுவாகப் பிரி.

உன் அக்கா,
கஸ்தூரி


ஜபல்பூர்,
12-5-1968

அன்புள்ள அக்காவுக்குப் புஷ்பா எழுதிக்கொண்டது.

வளையல் ஒன்றுகூட உடையவில்லை. அம்மா நினைப்பது போல ஒன்றுமில்லை, அக்கா. நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வளையல் பெரிதாக இருக்கிறது. கையைத் தூக்கினால் முழங்கையைத் தாண்டிப் போய்விடுகிறது. நூல் கட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ராட்டினம் உச்சியில் நிற்கும்போது தூரத்தில் ரயில் போகுமே. "எங்கே போகுது சொல்லு" என்று நீ கேட்பாய். எந்தப் பக்கம் போனாலும் நான் பட்டணம் என்பேன். அட்டை ஏரோப்ளேனில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டோம், நீ முன்னால், நான் உன் தாவணியைப் பிடித்துக்கொண்டு பின்னால். இறங்க மாட்டேன் என்று நான் அழுத அழுகையில் படக்காரர் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஏரோப்ளேன் இன்னும் வருகிறதா? மறக்காமல் எழுது.

எனக்கு இங்கே வேலை குறைவு. பின்பக்க அறையைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். தட்டும் டம்ளரும்கூடத் தனி. சாயங்காலத்தில் கொஞ்சம் உடம்பு சுடும். அவரே விலாசம் எழுதித் தபாலில் போடுகிறார். வெயில் அதிகம், யாரும் வரவேண்டாம் என்று எழுதச் சொன்னார்.

உன் தங்கை,
புஷ்பா


ஆவடி,
20-5-1968

அன்புள்ள புஷ்பாவுக்கு,

ஏரோப்ளேன் வருகிறது. வால் உடைந்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. மசக்கையில் இளைக்கத்தான் செய்யும் என்கிறாள். பழைய புடவையைக் கிழித்துச் சின்னச் சட்டைகள் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரிடம் காட்டினாயா? இருமல் இருக்கிறதா? மாப்பிள்ளை மனோகரனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறதாம். ஒரு மாதம் அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறுக்க மாட்டார்.

அக்கா,
கஸ்தூரி


ஜபல்பூர்,
6-6-1968

அக்கா,

அவர் வெளியூர் போயிருக்கிறார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண் இதைத் தபாலில் போடுவதாகச் சொன்னாள். எழுத்து கோணலாக இருந்தால் படுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

இருமலில் ரத்தம் வருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அவருடைய பாக்டரி முழுக்கத் தெரிந்துவிடுமாம். ஆவடிக்கு அனுப்பினால் சொந்தக்காரர்கள் கேள்வி கேட்பார்களாம். ஆக எங்கேயும் இல்லை.

நான் வளையலுக்காக வளையல் கேட்கவில்லை. அவர் படித்தாலும் சந்தேகப்படாத பொருளாக யோசித்து யோசித்து அதைக் கேட்டேன். உடையும் சாமான், அதனால் யாராவது கையில் எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று நினைத்தேன். நீ அவ்வளவு பஞ்சு வைத்து அனுப்புவாய் என்று தெரியாது.

இதற்குப் பதில் எழுதாதே. அவர்தான் பிரிப்பார்.

புஷ்பா


ஆவடி,
15-6-1968

புஷ்பா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. போட முடியாது என்று தெரிந்தும் உன்னிடம்தான் பேசவேண்டியிருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இருக்குறது ரெண்டு ரூமு. வயசுப் பொண்ண வச்சிக்கினு அந்த டி.பி. நோய உள்ள இட்டாரச் சொல்றியா? மொதல்ல சானடோரியத்துல எடம் இருக்குதான்னு விசாரிப்போம். அதுங்காட்டியும் அங்கியே இருக்கட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மகளைப் பார்த்தால் அவர் சொல்வது எனக்கும் நியாயமாகப் படுகிறது. எத்தனை நாள் அங்கே இருக்கட்டும் என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்னை அழைத்துவர நாளை இரவு ரயிலில் கிளம்புகிறேன். இடார்சியில் வண்டி மாறவேண்டுமாம். உன்னைப் பார்த்துவிட்டு வரப் போகிறேன் என்று இங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா தைத்த சட்டைகளைப் பெட்டியில் வைத்தாள். நான் அதை வெளியே எடுக்கவில்லை.

நேற்று பாடம் நடத்தி முடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பாரிவாக்கத்துக்குப் போய் ஒரு வீடு பார்த்தேன். ஓட்டு வீடு. பின்னால் வேப்பமரம், அதைத் தாண்டி வீடு இல்லை, வயல்தான். நோய் என்ன என்று சொன்னேன். வீட்டுக்காரம்மா குப்பம்மா முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். அங்கே நீ தனியாக இருக்கப்போவதில்லை. சானடோரியத்தில் இடம் கிடைக்கும்வரை, கிடைக்காவிட்டால் வேறு எது நடந்தாலும் அதுவரை, நான் உன்னோடு அங்கே இருப்பேன். உன் பக்கத்தில் இருந்துவிட்டு வந்து என் மகளுக்குத் தலைவார முடியாது. அதனால் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்.

இன்று சாயங்காலம் அவளுக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன். "ஏம்மா இவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். சிக்கு என்றேன்.

கஸ்தூரி