பாக்ஸிங் டே பாட்டில் அப்பாவின் குரல்

போர்ட் கெம்ப்ளா
18 ஜூலை 2004, ஞாயிறு

அன்புள்ள கொரீன் அக்காவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல இமோஜென் எழுதுவது.

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா சொல்வதையும், அவர் சொல்லத் தயங்குவதையும், நான் செய்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அவரிடம் சம்மதம் கேட்டேன், "பொய் எழுதுறதுக்கு நீ எதுக்கு, அத நானே பாத்துக்குவேன்" என்றார். அவருக்கு எழுத்து கைவராது என்பது உனக்குத் தெரியும், ஆலையில் லீவு கேட்பதற்குக்கூட அம்மாதான் எழுதித் தருவாள், ஆனால் இதை அம்மாவிடம் சொல்லி எழுதவைக்க அவருக்கு முகமில்லை. அதனால் கராஜில் அவருடைய வேலை மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் பெயின்ட் டப்பா மேல். நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த வெயிலிலும் உப்புக்காற்றிலும் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னார். பக்கத்து வீட்டு நெவில் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கம்பு இல்லாமல் நடக்கிறார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இப்போது சனி ஞாயிறும் வேலை. காரை ஐந்து மாதம் தெருவில் நிறுத்தியதில் கதவெல்லாம் துருப்பிடித்துவிட்டது, ஏன் தெருவில் நிறுத்தினோம் என்பதுதான் இந்தக் கடிதமே.

உன் பழைய பாட்டுக்குழு தேர்ஸ்டே பின்ஸின் இரண்டாவது ஆல்பம் வெளிவந்துவிட்டது அக்கா. நம் கராஜில்தான் செய்தார்கள். பிப்ரவரியில் குழுவிலிருந்து ஜோரன் வந்து, சிட்னி ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் ஜூலைக்குள் ஆல்பம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், ஒத்திகைக்கு இடமில்லை என்று கேட்டான், அவன் கேட்டு முடிப்பதற்குள் அப்பா சாவியை எடுத்துவிட்டார். சுவரெல்லாம் பழைய மெத்தை, நீ படுத்த மெத்தையும் அதில் ஒன்று. பின்னால் நிலக்கரி ரயில் வரும்போதெல்லாம் நிறுத்த வேண்டும், ஒரு பாட்டில் நிறுத்த மறந்து ரயிலும் பதிவாகிவிட்டது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அப்பா ஷிப்டு முடிந்து வந்து எல்லாருக்கும் சீஸ் டோஸ்ட் சுட்டுத் தருவார். நீ போன பிறகு அவர் அவ்வளவு பேசி நான் பார்க்கவில்லை. ஆனால் மார்ச் மாதம் வரை அவர்களிடம் ஆறு பாட்டுதான் இருந்தது. ஒருநாள் ஜோரன் டிரம் பெட்டிமேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "முதல் ஆல்பத்துக்குப் பொறந்ததுலேர்ந்து எழுதுனது இருந்துச்சு ட்ரெவ், ரெண்டாவதுக்கு ஒரு வருஷம்தான் குடுக்குறானுங்க, அதுல பாதி நாள் வேன்லயே போச்சு, வேனப் பத்தி எத்தன பாட்டு எழுதறது" என்று அப்பாவிடம் சொன்னான். அப்பா எழுந்து வீட்டுக்குள் போனார். உன் அலமாரியில் பேஸ் கிட்டாருக்குப் பின்னால் வைத்திருந்த பச்சை நோட்டைக் கடைப் பையில் போட்டு எடுத்துவந்து அவனிடம் கொடுத்தார். "கொரீனோடது, உபயோகமா ஏதாச்சும் இருக்கான்னு பாரு" என்றார். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, இது சத்தியம், நான் அங்கே இருந்தேன். இப்போது இதை எழுதும்போது, "சாக்கு சொல்ற மாதிரி எழுதாத, திறந்து பாக்காததுதான் தப்புன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

அந்த நோட்டிலிருந்து ஐந்து பாட்டு எடுத்தார்கள். உன்னைக் கேட்டார்களா என்று நீ கேட்பாய். ஜோரன் உன்னைக் கேட்டிருப்பான் என்று அப்பா நினைத்தார், அப்பா உன்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார் என்று ஜோரன் நினைத்தான். நீ வேலை பார்க்கும் முத்துப் பண்ணைப் படகுக்கு ஃபோன் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று. இது அம்மாவின் வாக்கியம், போன வாரம் சொன்னாள். அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமாகக் கத்தும் பகுதியைப் பதிவு செய்தார்கள். முதல் ஆல்பத்துக்கு நீயும் செய்திருக்கிறாய், தெருவில் இருக்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, ஒரு வரியைக் கொடுத்து, ஆளுக்கொரு பியரும் கொடுத்துக் கத்தவிடுவீர்களே, அதுதான். பதினெட்டு பேர் வந்தார்கள். பாட்டு ஜோரனின் ஹெட்ஃபோனில் மட்டும் ஓடியது, மற்றவர்களுக்கு அவன் கையைத் தூக்கும்போது கத்த வேண்டியது மட்டும்தான் வேலை. பியர் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் வரியை எழுதி ஆணியில் மாட்டியிருந்தான்: சிரிங்க, எல்லாரும் சிரிங்க, இன்னும் சத்தமாச் சிரிங்க. நெவில் கம்பை ஆட்டிக்கொண்டு கத்தினார். அப்பா மைக்குக்கு நேர் எதிரே நின்றார். "ட்ரெவ், ரெண்டு அடி பின்னால போங்க, உங்க சத்தம் மட்டும்தான் கேக்குது" என்று ஜோரன் சொன்னான். அப்பா ஒரு அடி போனார். மறுபடி சொன்னான், இன்னும் அரை அடி போனார். "என் பொண்ணு பாட்டுடா, நான் கத்தாம எவன் கத்துவான்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் போன வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸின் மறுநாள், பாக்ஸிங் டே அன்றும் நம் கொல்லையில் சிரித்தவர்கள்தான். அந்தப் பாட்டின் மற்ற வரிகள் அன்று கராஜில் இருந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று ஜோரன், அவன் அந்தக் கிறிஸ்துமஸுக்கு மெல்பர்னில் இருந்தான், நீ கற்பனையாக எழுதியது என்றே நினைத்தான். இன்னொன்று நான்.

எனக்கு எப்படித் தெரியும் என்பதை இனி எழுத வேண்டும். மூன்று நாளாக இந்த இடத்தைத்தான் மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வாரம் ஜோரன் சிடிக்குள் வைக்கும் சிறு புத்தகத்தின் அச்சுத் தாள்களை என்னிடம் கொடுத்து, "நீதான் எந்நேரமும் படிக்கிற ஆளாச்சே, தப்பு இருந்தாத் திருத்திக் குடு" என்றான். எனக்கு அவ்வளவு பெருமை. பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு மூன்று மாலை உட்கார்ந்து படித்தேன். ஏழாவது பாட்டைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அடுப்பில் சாஸேஜ் கருகுவது, முதல் ஆல்பத்தில் நீ தனியாகப் பாடிய பாட்டை நீ போட்டது, பாதியில் அப்பா எழுந்துவந்து நிறுத்தி ரேடியோவில் கிரிக்கெட்டை வைத்தது, பக்கெட்டுக்குள் மாட்டிய காக்கட்டூ கிளி கத்துகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னது, கையில் ரொட்டியோடு எல்லாரும் சிரித்தது, நீயும் சிரித்தது, எல்லாம் இருந்தது. நானும் அன்று சிரித்தேன் அக்கா, எனக்குப் பன்னிரண்டு வயது, மற்றவர்கள் சிரித்ததால் சிரித்தேன். கடைசிப் பக்கத்தில் "எல்லாப் பாடல்களும்: தேர்ஸ்டே பின்ஸ்" என்று இருந்தது. முதல் ஆல்பத்திலும் அப்படித்தான் போட்டிருந்தீர்கள், யார் எழுதினாலும் குழுவின் பெயர்தான் என்று நீங்களே வைத்துக்கொண்ட வழக்கம். ஆனால் அப்போது நீ குழுவில் இருந்தாய். இப்போது உன் இடத்தில் வாசிப்பவனின் படம்தான் இருக்கிறது, உன் பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை. அதற்குக் கீழே நன்றி என்று ஒரு பட்டியல், அதில் "தப்புகளைத் திருத்திய இமோஜென் ஹாடோ" என்று இருந்தது. என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மொத்தம் பதினான்கு தப்பு கண்டுபிடித்தேன். ஏழாவது பாட்டு, உன் பெயர் இல்லாதது, இந்த இரண்டைப் பற்றிக் கேட்டால் அந்தப் பக்கத்தையே மாற்றிவிடுவார்களோ, என் பெயர் போய்விடுமோ என்று பயந்து, கேட்காமல் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மைக் முன்னால் நின்று கத்தியதைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

போன சனிக்கு முந்தைய சனி, அப்பா புல்தரையில் பந்து உருட்டப் போகும் பௌலிங் கிளப்பில் வெளியீடு. பள்ளிப் பிள்ளைகளும் வரலாம் என்பதால் மதியம் இரண்டு மணிக்கே வைத்தார்கள். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார், ஆறு சிடி வாங்கினார், உனக்கு ஒன்று என்று தனியாக எடுத்து வைத்தார். இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் குலுக்கலுக்கும் எங்கள் மூன்று பேர் பெயரில் சீட்டு எடுத்தார். ஏழாவது பாட்டு வந்தபோது ஜோரன் மைக்கில், "இதுல ஒரு பெரிய குரல் கேக்கும், அது ட்ரெவ், அதோ நிக்கிறாரு பாருங்க" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள், அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு பாட்டு ஆரம்பித்தது. கராஜில் வாத்தியம் மட்டும்தான், பாடுவதைச் சிட்னியில் பதிவு செய்தார்கள், அதனால் பாட்டின் மற்ற வரிகளை அன்றுதான் அவர் முதல்முறையாகக் கேட்டார். சாஸேஜ் வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். ரேடியோ வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். காக்கட்டூ வந்தபோது அவர் முகம் எப்படி ஆயிற்று என்பதை எழுதாதே என்கிறார், எழுதவில்லை. கத்தும் பகுதி வந்ததும் கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பி, சிரிங்க, எல்லாரும் சிரிங்க என்று அன்பாகத்தான் கத்தியது, யாருக்கும் ஒன்றும் தெரியாது. நெவில் அவர் முதுகில் தட்டி, "பாடுப்பா ட்ரெவ், உன் பாட்டுல்ல" என்றார். அப்பா சிடிகளை நாற்காலியில் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்ப் புல்தரையின் நட்டநடுவில், போட்டிருந்த பூட்ஸோடு நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் உறுப்பினராக இருக்கிறவர், சாதாரணச் செருப்போடு அதில் கால் வைத்த சின்னப் பையன்களைத் திட்டி விரட்டியவர். புல்தரையைப் பராமரிக்கும் கிழவர் ஓடிவந்து, "யோவ், கண்ணு தெரியலையா, பூட்ஸு, பூட்ஸு" என்று கத்தினார். அப்பா பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் போனதும், "நீ இதப் படிச்சியா" என்று கேட்டார். படித்தேன் என்றேன். "எப்ப" என்றார். ஏப்ரலில் என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கால் ஈரமாகும், ஓரத்துத் திண்டில் ஏறு என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஜோரன் ஓடிவந்தான், அன்று ராத்திரி அப்பா நெவிலிடம் சொன்ன விஷயம் அவர் வழியாகப் போயிருக்கிறது. அவனும் அழுகிற நிலையில்தான் இருந்தான். முதலில் அச்சிட்ட சிடிகள் கடைக்குப் போய்விட்டன, அடுத்த தொகுதி ஆகஸ்ட் பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது, அதில் ஐந்து பாட்டுக்கும் உன் பெயரைப் போடுவதாகச் சொன்னான். ஏழாவது பாட்டை அப்படியே எடுத்துவிடவும் தயார், அல்லது அப்பா குரலை மட்டும் அழித்துவிடலாம் என்றான். அப்பா துருப்பிடித்த கார்க் கதவை நகத்தால் சுரண்டினார். "என் குரல எடுக்காத, அன்னைக்கி ஆரம்பிச்சு வெச்சதே நான்தான், அது இருக்கணும்" என்றார். பாட்டு இருக்கலாமா கூடாதா என்பது மட்டும் தன் கையிலும் இல்லை ஜோரன் கையிலும் இல்லை, கொரீன் சொல்வதுதான் என்றார். அம்மா சமையலறை ஜன்னல் வழியாக, "ரொம்ப சீக்கிரம் புத்தி வந்துடுச்சு ஒங்களுக்கு" என்றாள்.

இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம், இளைஞர்களுக்கான ரேடியோவில் அந்தப் பாட்டை இந்த வாரம் நான்கு தடவை போட்டுவிட்டார்கள். நீ இருக்கிற ப்ரூமிலும் அந்த ரேடியோ எடுக்கும் என்று ஜோரன் சொல்கிறான். உன் பாட்டை வேறு ஒருவன் குரலில், அப்பா சத்தத்தோடு, படகில் யாரோ வைத்த ரேடியோவில் நீ முதலில் கேட்கக்கூடாது, எங்களிடமிருந்துதான் தெரிய வேண்டும். பண்ணைக்குத் தபால் கொண்டுவரும் செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு இது வந்துசேரும் என்று தபால்காரப் பெண் சொன்னாள். சிடியை இதோடு அனுப்பவில்லை, நீ கேட்டால் அனுப்புகிறோம். நோட்டை ஜோரனிடமிருந்து வாங்கி உன் அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன், நான் வேறெந்தப் பக்கமும் படிக்கவில்லை.

நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், கடலும் வெயிலும் உன்னை ஒன்றும் செய்யாமல் காக்கட்டும் என்று அப்பா சொல்கிறார். சிப்பியைத் தேய்க்கும்போது கையுறை போட வேண்டும், முதலை இருக்கிற கரையில் கால் நனைக்கக் கூடாது, தொப்பியை மறக்கக் கூடாது. ஆகஸ்ட் பத்துக்குள் ஒரு வரி எழுது. வேண்டாம் என்று எழுதினாலும் சரி, கோபமாக எழுதினாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா ட்ரெவர் ஹாடோ
அவர் சொல்ல எழுதியும், தன் பங்குக்கு வெட்கப்பட்டும், உன் தங்கை இமோஜென்

கடிதத்தை மடிக்கப் போனேன், அப்பா இரு என்றார். மணி ஐந்தரைகூட ஆகவில்லை, ஆனால் குளிர்காலம், வெளியே இருட்டிவிட்டது. எழுந்துபோய் கராஜ் விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் நின்றுகொண்டு, இப்போது சொல்வதையும் எழுது என்றார். "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆலையில ஒன்னப் பத்தி ஏற்கெனவே கேலி பண்ணிட்டிருந்தானுங்க, அன்னைக்கிக் கொல்லையிலயும் அவனுங்க இருந்தானுங்க. அவனுங்க சிரிக்கறதுக்கு முன்னாடி நான் சிரிச்சிட்டேன். மன்னிச்சிடு கண்ணு." வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள் அக்கா, அவர் இன்னும் விளக்கைப் போடவில்லை.